டோடெசில் இமிடசோலியம் புரோமைடு நீரில் மைசெல் ஆகும் செறிவு: தயாரிப்பும் அளவீடும்

முதுகலை இயற்பிய வேதியியல் ஆய்வகத்தில், சோடியம் டோடெசில் சல்ஃபேட்டை வைத்து மாறுநிலை மைசெல் செறிவைக் காணும் சோதனை நெடுங்காலமாக நடந்துவருகிறது. சோப்பு போன்ற மூலக்கூறுகள் நீரில் மைசெல் என்னும் சிறு திரள்களாகக் கூடத் தொடங்கும் செறிவே அது. விடை 25 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 8.2 மில்லிமோலார் என்பது மாணவர் அனைவருக்கும் முன்பே தெரியும் என்பதால், வரைபடத்தில் கோடு எங்கே முறிய வேண்டும் என்று முடிவு செய்துகொண்ட பிறகே அளவுகோலைக் கையில் எடுக்கிறார்கள். விடை ஓரளவுக்கு மட்டும் தெரிந்த ஒரு பொருளை அவர்கள் முன்னால் வைக்க விரும்பினேன். அயனி திரவங்களைப் பற்றி வகுப்பில் பேசிவிட்டு நகர்ந்துவிடாமல், ஒன்றைக் கையால் தயாரித்துத் தூய்மையாக்கி அளந்து பார்க்கும் எண்ணமும் கூடவே இருந்தது. அதற்கு நான் தேர்ந்தது 1-டோடெசில்-3-மெத்தில் இமிடசோலியம் புரோமைடு. இந்தப் பதிவு அதன் தயாரிப்பையும், நீரில் அது மைசெல் ஆவதை மூன்று வழிகளில் அளந்ததையும் பற்றியது. மாறுநிலை மைசெல் செறிவை இனி, ஆய்வகத்தில் சொல்வது போலவே, சி.எம்.சி. என்று குறிப்பிடுகிறேன்.

100 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உருகும் உப்புகளை அயனி திரவங்கள் என்பது வழக்கம். 1914ஆம் ஆண்டில் பால் வால்டன் விவரித்த எத்தில் அம்மோனியம் நைட்ரேட் 12 டிகிரியிலேயே உருகிவிடும். காற்றையும் ஈரத்தையும் தாங்கும் இமிடசோலியம் உப்புகளை வில்க்ஸ், சவரோட்கோ ஆகிய இருவரும் 1992இல் அறிவித்த பின்னரே இத்துறை பரவலாக வளர்ந்தது. இமிடசோலியம் என்பது இரண்டு நைட்ரஜன் அணுக்களைக் கொண்ட ஐந்து அணு வளையம். அதன் நேர்மின் சுமை ஓர் அணுவில் நிற்காமல் வளையம் முழுவதும் பரவியிருக்கும். ஒரு நைட்ரஜனில் மெத்தில் தொகுதியும் மற்றொன்றில் எத்தில் அல்லது பியூட்டில் தொகுதியும் இருந்தால் அது கரைப்பானாகப் பயன்படும். அந்தச் சங்கிலியை எட்டு, பத்து, பன்னிரண்டு கார்பன்களாக நீட்டினால், நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் வாலும் கொண்ட ஒரு சர்ஃபாக்டன்ட் கிடைத்துவிடுகிறது. பெயர் புதிதாக இருந்தாலும், செயலளவில் இது செட்டில் டிரைமெத்தில் அம்மோனியம் புரோமைடின் நெருங்கிய உறவினர்தான். தலை மட்டும் வேறு, அந்தத் தலை வேறாக இருப்பது எவ்வளவு மாற்றத்தைத் தருகிறது என்பதுதான் இங்கே அளந்து பார்க்கத் தக்கது.

எதிர் அயனியாக புரோமைடைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. டெட்ராஃபுளூரோபோரேட்டும் ஹெக்சாஃபுளூரோபாஸ்பேட்டும் நீரில் மெல்ல நீராற்பகுப்பு அடைந்து ஹைட்ரஜன் ஃபுளூரைடைத் தரக்கூடியவை. அது கைக்கும் கண்ணாடிக்கும் கேடு. கடத்துத்திறன் அளவீட்டையும் நிலையாக நிற்கவிடாது. மாணவர்கள் நாட்கணக்கில் நீரில் வைத்து அளக்க வேண்டிய பொருளுக்கு ஹாலைடுகளே ஏற்றவை.

தயாரிப்பு

வினை எளியது. 1-மெத்தில் இமிடசோலின் நைட்ரஜன், 1-புரோமோடோடெகேனின் முனைக் கார்பனைத் தாக்குகிறது. புரோமைடு வெளியேறி எதிர் அயனியாக நிற்கிறது. 8.21 கிராம் மெத்தில் இமிடசோலுக்கு, அதாவது 0.100 மோலுக்கு, 26.2 கிராம் புரோமோடோடெகேனை, அதாவது 0.105 மோலை எடுத்துக்கொண்டேன். புரோமோ சேர்மத்தைச் சற்றுக் கூடுதலாக எடுப்பதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. என் பார்வையில் இந்த விகிதமே தயாரிப்பின் முக்கியமான முடிவு. மெத்தில் இமிடசோல் மிஞ்சினால், 198 டிகிரியில் கொதிக்கும் அந்தக் காரத்தை வெற்றிடத்தில் முழுமையாக நீக்குவது கடினம். அது நீரில் கரைந்து, மைசெலுக்குள்ளும் வெளியிலுமாக நின்று, அளவீட்டைக் குழப்பும். புரோமோடோடெகேன் மிஞ்சினாலோ எத்தில் அசிட்டேட்டில் கழுவி எடுத்துவிடலாம்.

மெத்தில் இமிடசோலை முன்கூட்டியே பொட்டாசியம் ஹைட்ராக்சைடின் மீது வெற்றிடத்தில் வாலைவடித்துக்கொண்டேன். புட்டியில் வெளிர் மஞ்சளாக இருந்த திரவம் நிறமற்று வடிந்தது. இரண்டையும் நைட்ரஜன் சூழலில், கரைப்பான் சேர்க்காமல், 75 டிகிரியில் காந்தக் கலக்கியின் மீது இரண்டு நாட்கள் வைத்தேன். தொடக்கத்தில் தெளிவாக இருந்த கலவை சில மணி நேரத்தில் கலங்கி, பின்னர் தேன் பதத்துக்கு வந்தது. வெப்பநிலையை 100 டிகிரிக்கு உயர்த்தினால் வினை விரைவில் முடியும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது மஞ்சள் நிறம் ஏறிவிடும். பின்னால் ஒளி சார்ந்த அளவீடு செய்ய வேண்டியவருக்கு அந்த நிறம் பெரும் தொல்லை. இமிடசோலியம் அயனி திரவங்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றினாலும் புற ஊதாப் பகுதியில் உட்கவர்ந்து, தாமே ஒளிரவும் செய்கின்றன என்பதை ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் அனுனய் சமந்தாவின் குழுவினர் 2005 வாக்கில் எடுத்துக்காட்டினர். பொறுமையாகக் குறைந்த சூட்டில் வினைப்படுத்துவது இந்த இடத்தில் மிகவும் பயனுள்ளது.

சூடான கலவையை எத்தில் அசிட்டேட்டில் ஊற்றிக் குளிர வைத்தபோது, சோப்புத் துருவலைப் போன்ற வெண்மையான படிகங்கள் இறங்கின. வடிகட்டி, மீண்டும் சூடான எத்தில் அசிட்டேட்டில் கரைத்து, மறுபடிகமாக்கினேன். ஒவ்வொரு மறுபடிகமாக்கலுக்குப் பின்னும் சிறிதளவைத் தனியே எடுத்து வைத்தேன். அதன் பயன் பரப்பு இழுவிசை அளவீட்டில் தெரியும். கோட்பாட்டளவில் 33.1 கிராம் கிடைக்க வேண்டிய இடத்தில் கையில் நின்றது ஏறத்தாழ 24 கிராம். விளைச்சலை உயர்த்தத் தாய்க் கரைசலில் மிஞ்சியதையெல்லாம் திரட்டிச் சேர்ப்பதை நான் விரும்பவில்லை, ஏனெனில் நீக்கிய மாசு அதில்தான் இருக்கிறது. புரோட்டான் என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) நிரலில், டியூட்டரோ குளோரோஃபார்மில், வளையத்தின் இரண்டாம் கார்பனில் உள்ள ஹைட்ரஜன் 10 பி.பி.எம்.-ஐத் தாண்டியும், நைட்ரஜன் மீதுள்ள மெத்தில் 4.1 அருகிலும், சங்கிலியின் கடைசி மெத்தில் 0.88 அருகிலும் தெரிந்தன. வினைபுரியாத மெத்தில் இமிடசோலின் மெத்தில் குறி வர வேண்டிய 3.7 பி.பி.எம். பகுதியில் எதுவும் இல்லை.

அடுத்தது ஈரம். இந்த உப்பு காற்றிலிருந்து நீரை இழுக்கும். ஒரு மூலக்கூறு உப்புக்கு ஒரு மூலக்கூறு நீர் ஒட்டிக்கொண்டால், 331.3 என்ற மூலக்கூறு நிறை 349.3 ஆகிவிடுகிறது. அதை உலர்ந்த உப்பு என்று எண்ணி எடைபோட்டால் உண்மைச் செறிவு ஐந்து விழுக்காடு குறைவாக இருக்கும், 9.8 என்று வர வேண்டிய விடை 10.3 என்று வரும். இந்தப் பொருளுக்கு வெளியாகியிருக்கும் சி.எம்.சி. மதிப்புகள் 9 முதல் 11 மில்லிமோலார் வரை சிதறிக் கிடப்பதற்கு இந்த ஈரமும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். 60 டிகிரியில் வெற்றிடத்தில் உலர்த்திய பிறகும், நீரின் அளவைக் காணும் கார்ல் ஃபிஷர் முறையில் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல் நீர் காட்டியது. அதை விரட்டிக்கொண்டிருப்பதைவிட, அளந்து எடையில் கழித்துக்கொள்வதே நேர்மையான வழி.

கடத்துத்திறன்

கல மாறிலியை, அதாவது அளவீட்டுக் கலத்தின் வடிவைச் சார்ந்த எண்ணை, 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலைக் கொண்டு திருத்திக்கொண்டேன். 25 டிகிரியில் அதன் மதிப்பு செ.மீ.க்கு 1413 மைக்ரோசீமென்ஸ். கருவியில் உள்ள தானியங்கி வெப்பநிலைத் திருத்தத்தை அணைத்துவிட வேண்டும். அது ஒரு டிகிரிக்கு இரண்டு விழுக்காடு என்ற பொதுக் கணக்கை எல்லாக் கரைசலுக்கும் ஏற்றிவிடுகிறது; மைசெல் கரைசல் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. திருத்தத்தை நம்புவதற்குப் பதிலாக, நீர்ச்சுழற்சி உறை கொண்ட கண்ணாடிக் கலத்தில் 25.0 டிகிரியைப் பத்தில் ஒரு டிகிரிக்குள் நிறுத்திக்கொண்டேன்.

கலத்தில் கொதிக்க வைத்து ஆற்றிய தூய நீர் 50 மில்லிலிட்டர். பியூரெட்டில் 60 மில்லிமோலார் செறிவுள்ள சர்ஃபாக்டன்ட் கரைசல். அரை மில்லிலிட்டர் வீதம் சேர்த்து, மென்மையாகக் கலக்கி, மதிப்பு நின்றதும் குறித்துக்கொண்டே போக வேண்டியதுதான். 10 மில்லிலிட்டர் சேர்ந்தபோது கலத்தில் செறிவு 10 மில்லிமோலார். 25 மில்லிலிட்டரில் 20 மில்லிமோலார். முறிவுக்கு இருபுறமும் போதிய புள்ளிகள் கிடைப்பதற்காகவே இந்த அளவுகளைத் தேர்ந்தேன். கலக்கியை வேகமாகச் சுழற்றினால் நுரை எழும்பி, மின்முனைத் தகடுகளுக்கிடையே ஒரு குமிழி தங்கிவிடும். அப்போது மதிப்பு திடீரெனக் குறைந்து, இல்லாத முறிவு ஒன்று தோன்றும்.

வரைபடம் எதிர்பார்த்தபடியே இரண்டு நேர்கோடுகளாக விழுந்தது. முதல் கோட்டில் ஒவ்வொரு மில்லிமோலாருக்கும் செ.மீ.க்கு ஏறத்தாழ 89 மைக்ரோசீமென்ஸ் ஏற்றம். இரண்டாவதில் 25 மட்டுமே. கோடுகள் வெட்டிக்கொண்ட இடம் 9.8 மில்லிமோலார்.

ஏன் முறிகிறது என்பதுதான் இச்சோதனையின் உயிர்நாடி. சி.எம்.சி.க்குக் கீழே சேர்க்கும் ஒவ்வோர் இணையும் ஓர் இமிடசோலியம் நேரயனியையும் ஒரு புரோமைடையும் கரைசலில் தனித்தனியாக விடுகிறது. இரண்டும் மின்சாரத்தைச் சுமக்கின்றன. சி.எம்.சி.யைத் தாண்டியபின் தனித்திருக்கும் நேரயனிகளின் செறிவு ஏறத்தாழ நிலையாகிவிட, புதிதாக வருபவை மைசெலாகத் திரள்கின்றன. நேர்மின் தலைகள் நெருங்கி அமைந்த அந்தக் கோளத்தின் பரப்பு புரோமைடு அயனிகளைத் தன்மேல் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிடிபடாத புரோமைடுகளே தடையின்றி மின்சாரத்தைக் கடத்துகின்றன. இரண்டாம் சாய்வை முதல் சாய்வால் வகுத்தால் 0.28 வருகிறது. இதுவே பிரிகை வீதம்; மைசெலில் சேர்ந்த நூறு நேரயனிகளுக்கு ஏறத்தாழ 72 புரோமைடுகள் மேற்பரப்பில் பிணைந்திருக்கின்றன என்று இதற்குப் பொருள். மைசெலும் மின் சுமையோடு நகர்ந்து ஓரளவு மின்சாரத்தைச் சுமக்கும் என்பதால், இந்த எளிய வகுத்தல் பிரிகை வீதத்தைச் சற்று மிகைப்படுத்துகிறது. ஈவன்ஸ் 1956இல் தந்த திருத்தச் சமன்பாடு இதைச் சரிசெய்யும், ஆனால் அதற்கு ஒரு மைசெலில் எத்தனை மூலக்கூறுகள் என்பது முதலில் தெரிய வேண்டும்.

மைசெல் உருவாவதன் கிப்ஸ் ஆற்றலைக் கணக்கிடும்போது இந்த 0.28 கட்டாயம் தேவைப்படுகிறது. சி.எம்.சி.யை மோல் பின்னமாக்கினால் 0.000177, அதன் இயல் மடக்கை கழித்தல் 8.64. 25 டிகிரியில் வாயு மாறிலியும் வெப்பநிலையும் பெருகி வரும் 2.479 கிலோஜூலோடும், 2-லிருந்து 0.28-ஐக் கழித்த 1.72-ஓடும் அதைப் பெருக்கினால், ஒரு மோலுக்குக் கழித்தல் 36.8 கிலோஜூல் வருகிறது. பிரிகை வீதத்தை மறந்து 1.72-க்குப் பதிலாக 1 என்றோ, எல்லா எதிர் அயனியும் பிணைந்ததாக எண்ணி 2 என்றோ போட்டால், விடை பல கிலோஜூல்கள் தவறிவிடும்.

அளவில் ஒப்பிட்டால், அதே பன்னிரண்டு கார்பன் வாலும் புரோமைடும் கொண்ட டோடெசில் டிரைமெத்தில் அம்மோனியம் புரோமைடின் சி.எம்.சி. ஏறத்தாழ 15 மில்லிமோலார். தலையை மாற்றியதில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. டிரைமெத்தில் அம்மோனியத் தலை மூன்று மெத்தில்கள் சூழ்ந்த பருமனான உருண்டை. இமிடசோலியம் தட்டையான வளையம். தட்டையான தலைகள் அருகருகே நிற்க இடம் குறைவாகப் போதும். பரவிய சுமையால் அவற்றுக்கிடையே விலக்கு விசை தணிகிறது. வளையத்தின் அமிலத் தன்மை கொண்ட ஹைட்ரஜன் புரோமைடை அருகில் இழுத்துப் பிடிக்கிறது. இம்மூன்றில் எது எவ்வளவு பங்களிக்கிறது என்பதைக் கடத்துத்திறன் மட்டும் பிரித்துச் சொல்லாது.

பரப்பு இழுவிசை

கடத்துத்திறன் அளவீடு மாசைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. அதனாலேயே அதை மட்டும் செய்துவிட்டு நிறுத்துவது ஆபத்து. பரப்பு இழுவிசையோ கொஞ்சமும் விட்டுக்கொடுக்காத முறை. பிளாட்டினம் வளையத்தைச் சுடரில் காட்டிச் சிவக்க வைத்து, முதலில் தூய நீரை அளந்து 72 மில்லிநியூட்டன்/மீட்டர் வருவதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். அது 70 என்று வந்தால் பாத்திரத்தில் எங்கோ சோப்பு இருக்கிறது. மேற்கொண்டு அளப்பதில் பயனில்லை. வளையக் கருவி இல்லாத ஆய்வகத்தில் ஸ்டாலக்மோமீட்டரில் துளிகளை எண்ணியும் செய்யலாம், ஆனால் துளி மெதுவாகச் சொட்ட வேண்டும். புதிய பரப்பில் மூலக்கூறுகள் வந்து படிய நேரம் கொடுக்காவிட்டால் மதிப்பு உயர்வாகக் காட்டும்.

தனித்தனியாக எடுத்து வைத்திருந்த படிகங்கள் இங்கேதான் பயன்பட்டன. முதல் படிகமாக்கலில் கிடைத்த பொருளின் வரைகோடு சி.எம்.சி. அருகே ஒரு பள்ளத்தில் இறங்கி, பின் மெல்ல மேலே ஏறியது. தூய சர்ஃபாக்டன்ட் அப்படிச் செய்யக் கூடாது. நீரில் கரையாத நீண்ட சங்கிலி மாசு ஒன்று, புரோமோடோடெகேனோ அதனுடன் வந்த டோடெகனாலோ, நீர்ப்பரப்பில் முந்திக்கொண்டு படிந்து இழுவிசையைக் கூடுதலாகக் குறைக்கிறது. மைசெல் தோன்றியவுடன் அந்த மாசு மைசெலின் உள்ளே கரைந்துவிட, பரப்பு அதை இழந்து இழுவிசை மறுபடி உயர்கிறது. இரண்டாம் படிகமாக்கலில் பள்ளம் ஆழம் குறைந்தது. கடைசிப் படிகங்களில் கோடு இறங்கி, முறிந்து, 39 மில்லிநியூட்டன் அருகே சமதளமாக ஓடியது. என்.எம்.ஆர். நிரலில் முதல் படிகங்களுக்கும் கடைசிப் படிகங்களுக்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். சர்ஃபாக்டன்டின் தூய்மைக்கு என்.எம்.ஆர். சான்று போதும் என்று எழுதப்படும் அறிக்கைகளை நான் ஐயத்துடனேயே படிக்கிறேன்.

முறிவு 9.5 மில்லிமோலாரில் விழுந்தது. முறிவுக்கு முன்னுள்ள சாய்வைக் கிப்ஸின் பரப்புக் கவர்ச்சிச் சமன்பாட்டில் இட்டால், ஒரு சதுர மீட்டரில் ஒரு மோலின் பத்து லட்சத்தில் 2.1 பங்கு படிந்திருப்பதாக வருகிறது. அதாவது ஒரு மூலக்கூறுக்கு ஏறத்தாழ 0.79 சதுர நானோமீட்டர். இந்தக் கணக்கில் பின்னத்தின் கீழ்ப்பகுதியில் 2 என்ற எண்ணைப் போட வேண்டும், ஏனெனில் நேரயனியும் எதிர் அயனியும் சேர்ந்தே பரப்புக்கு வருகின்றன. உப்பு மிகுதியாகக் கலந்த கரைசலில் மட்டும் அது 1 ஆகும்.

பைரீன்

மூன்றாவது முறை மைசெலின் உட்புறத்தையே கேட்டறிவது. பைரீன் நீரில் கரைய மறுக்கும் நான்கு வளைய ஹைட்ரோகார்பன். மைசெல் தோன்றியதும் அதற்குள் புகுந்துகொள்ளும். அதன் ஒளிர்வு நிரலில் 373 நானோமீட்டரில் உள்ள முதல் முகட்டுக்கும் 384 அருகிலுள்ள மூன்றாம் முகட்டுக்கும் இடையிலான விகிதம், சுற்றுச்சூழலின் முனைவுத் தன்மையைப் பொறுத்து மாறும். நீரில் 1.8 அருகில் இருந்த விகிதம், செறிவு உயர்ந்ததும் சரிந்து 1.25-க்கு இறங்கி நின்றது. ஹெக்சேன் போன்ற எண்ணெயில் இது 0.6 அருகில் இருக்கும். ஆகவே பைரீன் மைசெலின் நடுவில் இல்லை, தலைகளுக்கு அருகே நீர் எட்டிப் பார்க்கும் பகுதியில் தங்கியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

பைரீனை நேராக நீரில் போடக் கூடாது. மெத்தனால் கரைசலாகக் குடுவையில் இட்டு, மெத்தனாலை ஆவியாக்கி, அதன்மேல் சர்ஃபாக்டன்ட் கரைசலை ஊற்றி ஓர் இரவு கலக்க வேண்டும். இறுதிச் செறிவு ஒரு மைக்ரோமோலாருக்குக் கீழே இருக்க வேண்டும். கூடினால் இரண்டு பைரீன்கள் இணைந்து 470 நானோமீட்டர் அருகே அகன்ற ஒளிர்வைத் தந்து அளவீட்டைக் கெடுக்கும்.

சரிவின் நடுப்புள்ளி 8 மில்லிமோலாரை ஒட்டியும், சரிவு முடிந்து சமதளம் தொடங்கும் இடம் 10-ஐ ஒட்டியும் வந்தன. எதை சி.எம்.சி. என்று எழுதுவது என்ற கேள்வி மாணவரிடமிருந்து தவறாமல் வரும். சி.எம்.சி. ஒரு புள்ளி என்ற எண்ணத்தை விட்டுவிட்டால் இக்கேள்வி அமைதியடையும். முதல் சில மைசெல்கள் தோன்றியவுடனேயே பைரீன் அவற்றில் நுழைந்துவிடுகிறது. கடத்துத்திறன் மாற, எதிர் அயனிகள் கணிசமாகப் பிடிபட வேண்டும். பரப்பு இழுவிசை, பரப்பு நிரம்பிய நிலையைச் சொல்கிறது. ஒரே குறுகிய மாற்றப் பகுதியை மூன்று வேறு இடங்களில் நின்று பார்க்கிறோம். மூன்று முறைகளும் ஒரே தசம எண்ணைத் தந்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

ஒளிர்வை அணைக்கும் செட்டில் பைரிடினியம் குளோரைடைச் சேர்த்து, துரோவும் யெக்தாவும் 1978இல் தந்த முறைப்படி, ஒரு மைசெலில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கையையும் கண்டேன். சர்ஃபாக்டன்ட் 40 மில்லிமோலார், அணைப்பான் 0.6 மில்லிமோலார் வரை. ஒளிர்வு விகிதத்தின் இயல் மடக்கையை அணைப்பான் செறிவுக்கு எதிராக வரைந்த கோட்டின் சாய்வு 1.48, மைசெலாக உள்ள 30.2 மில்லிமோலாரோடு பெருக்கினால் 45 மூலக்கூறுகள்.

இந்த எண்ணைச் சரிபார்க்க ஒரு தாளும் பேனாவும் போதும். டான்ஃபோர்டின் வாய்ப்பாட்டின்படி பன்னிரண்டு கார்பன் சங்கிலியின் கன அளவு ஏறத்தாழ 350 கன ஆங்ஸ்ட்ரம். முழுவதும் நீட்டினால் நீளம் 16.7 ஆங்ஸ்ட்ரம். மைசெலின் நடுவில் வெற்றிடம் இருக்க முடியாது என்பதால், கோளத்தின் ஆரம் அந்த நீளத்தைத் தாண்டக் கூடாது. அப்படியொரு கோளத்தில் அதிக அளவாக 55 அல்லது 56 சங்கிலிகள்தான் அடங்கும். 45 என்பது அதற்குள் வருகிறது. மைசெல் கோளமாகவே இருக்க இடம் உண்டு. எண்ணிக்கை 80 என்று வந்திருந்தால் கோளம் என்று சொல்ல முடியாது. நீண்ட உருளையாகவோ வேறு வடிவமாகவோ இருக்க வேண்டும். இந்தச் சிறு கணக்கைச் செய்யாமல் கோள மைசெல் படத்தை அறிக்கையில் ஒட்டும் பழக்கம் மாணவரிடம் மட்டும் இருப்பதல்ல.

சங்கிலி நீளமும் உப்பும்

அதே வழியில் பத்து, பதினான்கு கார்பன் புரோமைடுகளையும் செய்து, கடத்துத்திறனை மட்டும் அளந்தோம். பத்துக்கு ஏறத்தாழ 40, பதினான்குக்கு 2.6 மில்லிமோலார். பத்துக் கார்பன் உப்பில் முறிவு கூர்மையாக இல்லாமல் வளைவாகத் தொடங்கியது. எட்டுக்குப் போனால், குளோரைடு உப்பில் அறியப்பட்டிருப்பது போல 200 மில்லிமோலாரைத் தாண்டிவிடும், அங்கே இரண்டு கோடுகள் என்பதே ஒரு தோராயம். அப்படிப்பட்ட தரவுகளுக்கு கார்பெனாவும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் முன்வைத்த, மென்மையாக மாறும் சாய்வைப் பொருத்தும் முறையே ஏற்றது.

சி.எம்.சி.யின் 10 அடிமான மடக்கையைக் கார்பன் எண்ணிக்கைக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு. ஒரு கார்பனுக்கு 0.30 இறக்கம், அதாவது இரண்டு கார்பனுக்கு நான்கு மடங்கு குறைவு. மின் சுமையற்ற சர்ஃபாக்டன்டுகளில் இந்த இறக்கம் 0.5 அருகில் இருக்கும் என்பதைக் காட்டி, அயனி வகையில் ஒரு கார்பனின் நீர்வெறுப்பு வலுவிழந்துவிடுகிறது என்று எழுதுவோர் உண்டு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அயனி வகையில் ஒரு மூலக்கூறு மைசெலுக்குள் போகும்போது 0.72 எதிர் அயனியையும் கரைசலிலிருந்து இழுத்துக்கொண்டு போகிறது. எனவே ஆற்றல் கணக்கில் 1.72 என்ற பெருக்கல் வருகிறது. 0.30-ஐ அதனோடு பெருக்கினால் 0.5-க்கு மிக அருகில் வந்துவிடுகிறது. இரு வகையிலும் ஒரு கார்பனுக்குக் கிடைக்கும் ஆற்றல் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 3 கிலோஜூல்தான். மாணவர்கள் செய்த கணக்குகளில் எனக்கு மிகவும் நிறைவு தந்தது இது.

எதிர் அயனி கணக்கு உண்மையானால், புரோமைடை வெளியிலிருந்து சேர்த்தாலும் சி.எம்.சி. இறங்க வேண்டும். காரினும் ஹார்கின்ஸும் 1947இல் காட்டிய தொடர்பில் 0.72 என்ற பிணைப்பு வீதத்தை இட்டு, 20 மில்லிமோலார் சோடியம் புரோமைடு கரைசலில் சி.எம்.சி. 5.0 மில்லிமோலாராக இருக்கும் என்று முன்கூட்டியே தாளில் எழுதி வைத்தோம். இங்கே கடத்துத்திறன் முறை உதவாது; பின்னணியில் உள்ள உப்பே மின்சாரத்தின் பெரும்பகுதியைச் சுமப்பதால் முறிவு மங்கிவிடும். பரப்பு இழுவிசையால் அளந்ததில் 5.2 வந்தது. கடத்துத்திறன் சாய்வுகளிலிருந்து பெற்ற ஓர் எண், முற்றிலும் வேறான ஒரு கருவியின் முடிவை இவ்வளவு நெருக்கமாக முன்னறிவித்தது, சாய்வு விகித முறையின் மீதான என் நம்பிக்கையைக் கூட்டியது.

வெப்பநிலையை 15 முதல் 45 டிகிரி வரை மாற்றி அளந்ததில், சி.எம்.சி. அறை வெப்பநிலை அருகே மிகக் குறைந்து இருபுறமும் சற்றே உயர்ந்தது. அயனி சர்ஃபாக்டன்டுகளுக்கு இது வழக்கமான போக்கு. புதிதாக எதுவும் இல்லை.

பதினாறு கார்பன் உப்பைத் தொடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. நேர்கோட்டை நீட்டினால் அதன் சி.எம்.சி. 0.65 மில்லிமோலார் அருகில் விழ வேண்டும். அவ்வளவு நீர்த்த கரைசலில், எதிர்மின் சுமை கொண்ட கண்ணாடிச் சுவரில் நேரயனிகள் ஒட்டிக்கொள்வதே செறிவைக் கணிசமாக மாற்றிவிடும். கலத்தையும் பிப்பெட்டையும் அளக்கப்போகும் கரைசலாலேயே முதலில் அலசிக் கொட்டிவிட்டு, பிறகு அளக்க வேண்டும். கடத்துத்திறன் கலத்தின் கரும் பிளாட்டினம் படிந்த மின்முனைகளும் இதே போலப் பிடித்து வைத்துக்கொள்ளும். எத்தனாலிலும் பின்னர் நீரிலும் ஊறவைத்து, நீரின் கடத்துத்திறன் பழைய மதிப்புக்குத் திரும்பும் வரை அடுத்த அளவீட்டைத் தொடங்குவதில்லை.

அயனி திரவங்களுக்குப் பசுமைக் கரைப்பான் என்ற பெயர் ஆவியாகாத தன்மையால் வந்தது. நஞ்சில்லை என்பதால் அன்று. நீண்ட சங்கிலி இமிடசோலியம் உப்புகள் பாக்டீரியாக்களின் செல் சவ்வைக் குலைப்பவை, நீர்வாழ் உயிரினங்களுக்கும் கேடு விளைவிப்பவை. ஆகவே அளந்து முடித்த கரைசல்களைத் தொட்டியில் ஊற்ற எவரையும் அனுமதிப்பதில்லை. சுழல் ஆவியாக்கியில் வைத்தால் நுரைத்துக் குளிர்விப்பான் வரை ஏறிவிடும் என்பதால், அகன்ற தட்டுகளில் ஊற்றி 60 டிகிரி அடுப்பில் நீரை விரட்டி, மிஞ்சிய உப்பை எத்தில் அசிட்டேட்டில் மறுபடிகமாக்குகிறோம். இப்படி மீட்ட பொருளின் பரப்பு இழுவிசைக் கோட்டில் பள்ளம் இல்லாவிட்டால் மட்டுமே அது அடுத்த ஆண்டு மாணவர்களுக்குப் போகிறது. பைரீனும் சோடியம் புரோமைடும் கலந்த கரைசல்கள் இந்த மீட்பில் சேர்வதில்லை. அவை தனிக் கேனில், ஆபத்தான கழிவு என்ற சீட்டோடு, கழிவு எடுப்பவரிடம் போகின்றன.